கிழித்தெடுத்த செய்தியும் ஒரு தடயம்தான்

ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "எங்கள் ஊரில் பெரிய கலவரம் நடந்ததாகப் பாட்டி சொல்வார். அந்தக் காலத்துச் செய்தித்தாளில் ஒன்றுமே இல்லையே, வெறும் கதைதானா?" அவர்களுக்கு நான் துல்சாவைச் சொல்வேன்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது துல்சா. 1921 மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களில் வெள்ளையர் கும்பல் அங்கே கிரீன்வுட் என்ற கறுப்பினத்தவர் குடியிருப்பைச் சூறையாடிக் கொளுத்தியது. லிஃப்டில் ஒரு வெள்ளைப் பெண்ணைக் கறுப்பின இளைஞர் தாக்கியதாகத் 'துல்சா ட்ரிப்யூன்' செய்தித்தாள் மே 31 மாலை போட்ட செய்திதான் பொறி. பல ஆண்டுகள் கழித்து அந்த இதழை மைக்ரோஃபிலிம், அதாவது பக்கங்களைச் சிறிதாக்கிப் படச்சுருளில் பதிவு, எடுக்கப் போனால், முதல் பக்கச் செய்தி கிழிக்கப்பட்டிருந்தது. தலையங்கப் பக்கத்திலும் பெரும்பகுதி இல்லை. செய்தி பின்னர் வேறு பிரதியில் அகப்பட்டது, தலையங்கம் அகப்படவில்லை. அதில் இன்னது எழுதியிருந்தது என்று யாராவது வரிக்கு வரி மேற்கோள் காட்டினால், நான் பேனாவை மூடிவிடுவேன்.

செய்தித்தாள் கைவிட்டால், வேறு காரியத்துக்காக எழுதிய காகிதங்களைத் தேட வேண்டும். நிவாரணத்துக்கு வந்த செஞ்சிலுவைச் சங்கம் எரிந்த வீடுகளை எண்ணி வைத்தது: 1,256. காப்பீட்டு நிறுவனங்கள் கலவரச் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற விதியைக் காட்டிப் பணம் தர மறுத்தன. 1926இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. படுகொலையைக் 'கலவரம்' என்று எழுதியதன் விலை அந்த வழக்கின் கோப்பில் தெரிகிறது.

இறந்தோர் கணக்கில்தான் எச்சரிக்கை அதிகம் தேவை. அரசு பதிவு செய்தது 36 பேர். பரவலாகச் சொல்லப்படும் 300 என்ற எண் செஞ்சிலுவை அறிக்கையிலும் உண்டு. ஆனால் அங்கே அது ஊகம் என்ற குறிப்போடு, 55 என்ற குறைந்த மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெரிய எண் மட்டும் தனியாக ஊர் சுற்றுகிறது.

துல்சாவின் ஓக்லான் கல்லறைத் தோட்டத்தில் தோண்டியெடுத்த உடல்களில் ஒன்று, முதல் உலகப் போரில் பணியாற்றிய சி. எல். டேனியலுடையது என்று 2024இல் மரபணுச் சோதனை அடையாளம் காட்டியது. அவர் துல்சாவில் கொல்லப்பட்டதை 1936இல் ஒரு வழக்கறிஞர் எழுதிய கடிதம் உறுதி செய்தது. மகனை இழந்த தாய்க்கு உதவித்தொகை கேட்டுப் போட்ட கடிதம் அது.

ஆகவே பாட்டி கதையோடு வருபவரிடம் நான் முதலில் கேட்பது: வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பென்ஷன் காகிதம் ஏதாவது இருக்கிறதா?