அப்பா படத்தை வரையக் கொடுக்கிறீர்களா? ஜாடை எங்கே தப்பும் என்று முதலில் பாருங்கள்

பெங்களூரில் உருவப்படம் வரையச் சொல்லி வரும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். ஒன்று அறுபதாம் கல்யாணம், மற்றது முதல் வருஷத் திதி. இரண்டிலும் தேதி குறித்தாகியிருக்கும், மண்டபமும் சமையல்காரரும் முடிவாகியிருப்பார்கள், படம் மட்டும் பாக்கி. கையில் பதினைந்து நாள், போனில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு மங்கலான போட்டோ. பின்னால் வரும் மனஸ்தாபங்களில் முக்கால்வாசி இந்த இரண்டில்தான் தொடங்குகின்றன.

போட்டோவை முதலில் பார்ப்போம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். இமை ஓரம், மீசை முடி, நெற்றிச் சுருக்கம் எல்லாம் கூழாகிவிடும். அதையே ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும்தான் இருக்கிறதென்றால் 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளியில், ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 35 மில்லிமீட்டருக்கு 45 மில்லிமீட்டர் படம் அப்போது ஏறக்குறைய 1650க்கு 2100 பிக்சலாக வரும். வேலைக்கு அது போதும். கடைக்காரர் வழக்கப்படி 300இல் எடுத்தால் அதில் கால்வாசி அகலம்தான் கிடைக்கும்.

சுவரில் மாட்டிய பழைய ஸ்டுடியோ படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கலாம். பிரித்தெடுக்கப் பார்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஜன்னல் பக்கம் வைத்து, வீட்டு விளக்குகளை அணைத்து, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நேராக எடுங்கள். கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாது.

அடுத்தது, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருப்பார்கள், அல்லது செல்ஃபி கேமரா கண்ணாடிபோலத் திருப்பிச் சேமித்திருக்கும். சட்டைப் பாக்கெட் இடது மார்பில் இருக்கிறதா? முந்தானை இடது தோளில் போகிறதா? மூக்குத்தி அம்மா குத்திக்கொண்ட பக்கத்திலேயே இருக்கிறதா? ஓவியருக்கு இது தெரிய வழியில்லை. எண்பது வயதுப் பாட்டி மட்டும் முடிந்த படத்தைப் பார்த்து ‘என்னமோ மாதிரி இருக்கு’ என்பார். காரணம் சொல்லத் தெரியாது. மச்சமும் வகிடும் பக்கம் மாறியிருக்கும்.

இருப்பவரை வரைவதானால் புதிதாகவே எடுங்கள். ஒரு அடி தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்ளும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, கேமராவை அவர் கண் உயரத்தில் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், அழகு ஃபில்டரும் வேண்டாம். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழட்டும். ஒரு பக்கக் கன்னம் சற்றே நிழலில் இருந்தால்தான் மூக்கும் தாடையும் எழும்பி நிற்கும். ஃபிளாஷில் எடுத்த முகம் தோசைக்கல் மாதிரித் தட்டை.

அப்பா முப்பத்தைந்தில் போய்விட்டார், அம்மாவுக்கு இப்போது எழுபது, இருவரையும் சேர்த்து வரைய வேண்டும் என்பது அடிக்கடி வரும் வேண்டுகோள். முடியும். ஆனால் இரண்டு போட்டோவிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். ஒருவருக்கு மூக்கு நிழல் இடப்பக்கமும் மற்றவருக்கு வலப்பக்கமும் விழுந்தால், எவ்வளவு நன்றாக வரைந்தாலும் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். அம்மாவின் இளவயதுப் படம் எதுவானாலும், கல்யாணக் கூட்டத்தில் மூலையில் நிற்பதானாலும், தேடிக் கொடுங்கள். இருவரில் யார் எத்தனை அங்குலம் உயரம் என்றும் எழுதிக் கொடுங்கள். தலை அளவு அதை வைத்துத்தான் முடிவாகும்.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து தோலின் நிறம் தெரியாது. அவருடைய தம்பியோ மகனோ அதே சாயலில் இருந்தால், பகல் வெளிச்சத்தில் அவருடைய முகத்தையும் கையையும் எடுத்து அனுப்புங்கள். புடவை பீரோவில் இருந்தால் அதையும். ‘கொஞ்சம் கலர் ஏத்திடுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இது கொள்கைக்காகச் சொல்வதல்ல, தொழில் விஷயம். நிறத்தை ஏற்றும்போது கன்ன எலும்புக்கும் கண்குழிக்கும் அடியிலுள்ள நடுத்தர நிழல்கள்தான் முதலில் காணாமல் போகும். ஜாடை அங்கேதான் இருக்கிறது.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரியவர்களின் தலை உச்சியிலிருந்து தாடை வரை சுமார் ஒன்பது அங்குலம். 12க்கு 16 அங்குலக் கேன்வாஸில் இரண்டு பேரை இடுப்பு வரை வரைந்தால் ஒவ்வொரு தலையும் இரண்டு அங்குலம்தான் வரும், கண் கால் அங்குலம். ஒரு அரிசி மணிக்குள் இமை, பாவை, ஒளிப்புள்ளி மூன்றையும் வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் மார்பளவு என்றால் 18க்கு 24, இருவர் என்றால் 24க்கு 30 வசதி. விலையை ஏற்றுவது கேன்வாஸ் அளவைவிடத் தலைகளின் எண்ணிக்கை, கைகள் தெரிகிறதா என்பது, பட்டுப் புடவையின் சரிகை, நகை. கை வரைவது இன்னொரு முகம் வரைவதற்குச் சமம்.

பதினைந்து நாளில் வேண்டுமென்றால் கரிக்கோல், பென்சில், அக்ரிலிக் இவற்றில் ஒன்றைக் கேளுங்கள். எண்ணெய் வண்ணம் காற்றோடு வினைபுரிந்து இறுகுகிறது. மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாமல் இருக்க ஒரு வாரத்துக்கு மேலாகலாம், வெள்ளை கலந்த இடங்கள் இன்னும் தாமதம், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அவசரப்படுத்தினால் அடிப்பூச்சு காயும் முன்பே மேல்பூச்சு போட வேண்டிவரும், பிறகு விரிசல் விடும்.

பாதி முன்பணம், மீதி முடிந்ததும் என்பது சாதாரண ஏற்பாடு. எத்தனை திருத்தம், எந்தக் கட்டத்தில், சட்டம் (ஃபிரேம்) சேர்த்தா இல்லையா என்று மெசேஜிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் கோட்டு நிலையில் கட்டாயம் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கண்களுக்கிடையே உள்ள தூரம், தாடை, காது மட்டம் எல்லாம் அப்போது அழிரப்பரில் சரியாகும். நகை போட்டு முடித்தபின் கண்ணை நூலளவு நகர்த்தச் சொன்னால் முகத்தையே மறுபடி வரைவதாகும். எட்டடி தள்ளி நின்று, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். போனில் பெரிதாக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இன்னொன்று, சரி சொல்ல வீட்டில் ஒரே ஒருவரை வையுங்கள். மனைவியின் நினைவில் ஐம்பது வயது முகம், மகனின் நினைவில் அறுபத்தைந்து. இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவர முடியாது.

ஏமாற்றும் உண்டு. போட்டோவைக் கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, மேலே நிறமற்ற ஜெல்லைத் தூரிகையால் தடவி, கைவேலை என்று விற்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் நிறப் புள்ளிகள் தெரியும். தூரிகைத் தடம் மூக்கின் வளைவோடு போகாமல், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் எங்கும் ஒரே திசையில் ஓடும். அசல் எப்படி இருக்கும் என்று கண் பழக, குமாரகிருபா சாலையில் உள்ள சித்ரகலா பரிஷத் என்னும் கலை நிறுவனத்துக்கு ஒரு நடை போங்கள். அங்கே ரஷ்ய ஓவியர் ரோரிக்கின் ஓவியக்கூடத்தில் படங்களைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வண்ணத்தின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவது தெரியும். ஜனவரியில் அதே சாலையில் நடக்கும் சித்ர சந்தையில் உட்கார்ந்த இடத்திலேயே உங்கள் முகத்தை வரைந்து தருபவர்களும் இருப்பார்கள். ஓவியரைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல பரீட்சை இல்லை.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து வரையச் சொன்னவரே அந்த உருவப்படத்தின் முதல் பதிப்புரிமையாளர். ஆனால் 57ஆம் பிரிவு ஓவியரின் தனி உரிமையைக் காக்கிறது: இது தன் படைப்பு என்று அவர் உரிமை கோரலாம், அவர் பெயருக்குக் களங்கம் வரும்படி படத்தைச் சிதைக்கக் கூடாது. ஆகவே கையெழுத்து இருக்கும் மூலையை ஃபிரேம் அளவுக்கு ஏற்ப வெட்டிவிடாதீர்கள்.

கரிக்கோல், பென்சில் படத்துக்குக் கண்ணாடி அவசியம். ஆனால் படத்தின் ஓரத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடி தாளைத் தொடாமல் நிற்க வேண்டும். எண்ணெய்ப் படத்துக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. பூஜை அறையில் அசலை மாட்டாதீர்கள். விளக்குப் புகை படியும், மாலையின் ஈரம் உராயும், சந்தனம் குங்குமம் வண்ணத்தில் நேரடியாக ஏறும். படத்தை நல்ல கேமராவில் எடுத்து ஒரு பிரதி போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, பொட்டும் மாலையும் அதற்கு வையுங்கள். அசல் கூடத்தில், வெயில் படாத உள்சுவரில் இருக்கட்டும். சட்டத்தின் நான்கு மூலைக்குப் பின்னும் ஒரு தக்கைத் துண்டு ஒட்டினால் காற்றோடும், சுவர் ஈரம் ஏறாது. சென்னைக்கோ சேலத்துக்கோ அனுப்புவதானால் நன்றாகக் காய்ந்த கேன்வாஸை நாலங்குல விட்டத்துக்குக் குறையாத குழாயின்மேல், வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நெரிபடும்.

முடித்த தேதியைப் பின்பக்கச் சட்டத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். எண்ணெய்ப் படமானால் அதிலிருந்து குறைந்தது ஆறு மாதம் கழித்து, கடைசி வார்னிஷ் பூச அதே ஓவியரிடம் படத்தைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்தக் கூலி ஏற்கெனவே பேசிய தொகையில் சேர்ந்ததா என்று முன்பணம் கொடுக்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.