"மிஸி, இது ஹோம் ஒபிஸுக்குப் போகுமோ?"

அகதித் தஞ்சம் கோரியவர்களைத் தங்கவைத்திருக்கும் ஒரு ஹோட்டலின் கீழ்மாடியில் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். கழுத்தில் நாடாவும் அடையாள அட்டையும் தொங்காத அலுவலர் ஒருவரையும் காணமாட்டீர்கள். காவலாளி, சாப்பாடு கொண்டுவருபவர், வீட்டுவசதி அலுவலர், கவுன்சில் ஆள், தொண்டு நிறுவனத்துப் பிள்ளை, பிறகு நான். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சமூக சுகாதாரக் குழுவில் தாதியாக இருக்கிறேன். வந்து இரண்டு கிழமையான ஒருவருக்கு இவர்களில் யார் அரசாங்கம், யார் ஆஸ்பத்திரி என்று எப்படித் தெரியும்? பிரஷர் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால் நீட்டுவார்கள். முந்தி ஏதும் வருத்தம் இருந்ததா என்று கேட்டவுடன் பேச்சு சுருங்கிவிடும். தமிழ் ஆட்கள் என்றால் கொஞ்சம் பொறுத்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்பார்கள்: "மிஸி, நீங்கள் எழுதுறது ஹோம் ஒபிஸுக்குப் போகுமோ?"

போகாது. தஞ்சக் கோரிக்கைகளை முடிவு செய்யும் உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸ் வேறு; நான் எழுதுவது என்.எச்.எஸ். என்ற அரச சுகாதார சேவையின் பதிவேட்டுக்குள் இருக்கும். உயிராபத்து, பிள்ளைக்கு ஆபத்து, பாரதூரமான குற்றம் போன்ற சில நிலைமைகளில் மட்டும் உங்கள் ஒப்புதல் இல்லாமலும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லலாம். அப்போதும், முடிந்தவரை, முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். இரகசியத்தை மீறினால் என் தாதியர் பதிவே போகலாம்.

ஆனாலும் இந்தப் பயத்தைச் சும்மா பயம் என்று நான் தள்ளிவிடுவதில்லை. 2017இல் என்.எச்.எஸ். தரவு நிறுவனத்துக்கும் ஹோம் ஒபிஸுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருந்தது. நோயாளியின் முகவரி போன்ற விபரங்களைக் குடிவரவுப் பிரிவு கேட்டுப் பெறலாம் என்ற ஏற்பாடு. மருத்துவர்களும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்துச் சண்டை பிடித்ததால் 2018இல் அது நிறுத்தப்பட்டது. ஒப்பந்தம் போய்விட்டது, கதை மட்டும் ஹோட்டல் ஹோட்டலாக இன்னும் சுற்றுகிறது. அந்தக் கதையை நம்பி நெஞ்சு நோவோடு அறைக்குள் படுத்துக்கிடப்பவர்கள்தான் எனக்குக் கவலை.

ஜீ.பி. எனும் குடும்ப வைத்தியரிடம் பதிவதில் இருந்து தொடங்குவோம். இங்கிலாந்தில் இருக்கும் எவரும் விசா நிலை என்னவாக இருந்தாலும் ஜீ.பி.யில் இலவசமாகப் பதியலாம். பாஸ்போர்ட், முகவரி அத்தாட்சி, ஹோம் ஒபிஸ் அட்டை எதையும் காட்டத் தேவையில்லை. என்.எச்.எஸ். இங்கிலாந்தின் வழிகாட்டலிலேயே இது எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் வரவேற்பறையில் இருப்பவர் "கரண்ட் பில் கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்புவது இன்றைக்கும் நடக்கிறது. ஹோட்டலில் இருப்பவருக்கு ஏது கரண்ட் பில்? பெரும்பாலும் அவருக்கு விதி தெரியாது, அவ்வளவுதான். அதற்காகவே என்.எச்.எஸ். ஒரு சின்ன மஞ்சள் அட்டை அச்சிட்டிருக்கிறது. அடையாளமோ முகவரியோ இல்லாமல் பதிய எனக்கு உரிமை இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அதை நீட்டினால் வாக்குவாதம் இல்லாமல் வேலை முடிந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் டொக்டர்ஸ் ஒஃப் த வேர்ல்ட் அமைப்பினர் உங்களுக்காகப் பேசுவார்கள்.

அடுத்தது காசு. தஞ்சக் கோரிக்கையோ மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும் வரை ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு ஒரு பென்னியும் கட்டத் தேவையில்லை. அகதி அந்தஸ்துக் கிடைத்தவருக்கும் அப்படியே. சிக்கல் எல்லாம் கேஸ் முழுதாக மறுக்கப்பட்டு ஹோம் ஒபிஸ் உதவியும் இல்லாமல் இருப்பவருக்கும், விசா முடிந்தும் கேஸ் போடாமல் இருப்பவருக்கும்தான். இங்கிலாந்தில் அவர்களுக்கு ஆஸ்பத்திரி பில் வரலாம், அதுவும் வழமையான செலவின் ஒன்றரை மடங்கு. 500 பவுண்டுக்குக் குறையாத கடன் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றால் ஆஸ்பத்திரி அதை ஹோம் ஒபிஸுக்கு அறிவிக்கலாம். இதை நான் மறைப்பதில்லை. மறைத்தால் பிறகு நான் சொல்லும் எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் கூடவே மற்றதையும் சொல்கிறேன்: விபத்துப் பிரிவில் பார்ப்பதற்குக் காசில்லை. ஜீ.பி.க்குக் காசில்லை. காசநோய், எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளுக்குக் காசில்லை. சித்திரவதையாலோ பாலியல் வன்முறையாலோ வந்த பாதிப்புக்கான சிகிச்சைக்கும் காசில்லை. பிரசவத்துக்குப் பில் வரலாம், ஆனால் காசு கட்டவில்லை என்று கவனிப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் கேஸ் மறுக்கப்பட்டவரிடமும் காசு கேட்பதில்லை.

பிழையாக வரும் பில்களும் உண்டு. கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே பில் வந்தால், தஞ்சக் கோரிக்கைப் பதிவு அட்டையின் பிரதியோடு உடனே ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டும். ஒளித்துவைத்தால் கடன் கடனாகவே நிற்கும்.

ஒளித்துவைப்பது என்றதும் ஒரு தங்கச்சியின் ஷொப்பிங் பை ஞாபகம் வருகிறது. (இந்தக் கட்டுரையில் வருபவர்களின் விபரங்களை எல்லாம் மாற்றியே எழுதியிருக்கிறேன்.) கைக்குழந்தையோடு ஹோட்டலில் இருந்தார். கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு பையை இழுத்தெடுத்து என்னிடம் தந்தார். உள்ளே கடிதங்கள், ஒன்றும் உடைக்கப்படவில்லை. ஆங்கிலத்தில் வரும் கடிதம் என்றால் கேஸ் மறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்து, லோயரைச் சந்திக்கும்போது ஒரேயடியாகக் கொடுக்கலாம் என்று சேர்த்து வைத்திருக்கிறார். நிலத்தில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாக உடைத்தோம். ஹோம் ஒபிஸ் கடிதம் அதில் ஒன்றே ஒன்று, அதுவும் முகவரியை உறுதிப்படுத்துவது. மற்றவை கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அழைப்பு, பிள்ளைக்கு இடுப்பு ஸ்கானுக்கு நாள், அந்த நாளுக்கு வராததால் இன்னொரு நாள், அதற்கும் வராததால் பெயரை நீக்கிவிட்டோம் என்ற அறிவிப்பு. நல்லவேளை, ஒரு தொலைபேசி அழைப்போடு பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எந்த அறைக்குப் போனாலும் "கடிதம் ஏதும் வந்ததோ?" என்பதைப் பிரஷரைப் போலவே வழமையாகக் கேட்கிறேன். எழுதப்பட்ட ஒரு விதியிலும் இது இல்லை, ஆனால் தேவையான கேள்வி.

பயம் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இன்னொன்று. ஐம்பது தாண்டிய ஒரு அண்ணை, சீனி வருத்தம், ஊரிலேயே இன்சுலின் தொடங்கியவர். இரவில் வியர்த்து, நடுங்கி, நெஞ்சு படபடக்க விழிக்கிறார். பழைய ஞாபகங்கள் என்று அவரும் நினைத்தார், அறையில் கூட இருந்தவரும் நினைத்தார். அவர் பட்டது அப்படி, யாரும் சந்தேகப்படவில்லை. இரவு இரண்டு மணிக்குச் சீனி பார்க்கச் சொல்லி மீட்டரைக் கொடுத்துவிட்டு வந்தேன். 2.9. இது இங்கத்தைய mmol/L கணக்கு; ஊரின் mg/dL கணக்கில் 52. இங்கே 4க்குக் கீழே போனாலே குறைவு என்போம். கேட்டால், ஹோட்டலில் பின்னேரம் ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடு. அவருக்கு அந்தப் பாஸ்தா இறங்காது, இரண்டு வாய் வைத்துவிட்டு எழும்பிவிடுவார். ஊசியை மட்டும் ஊரில் போட்ட அதே அளவில் தவறாமல் போடுகிறார். உணவு தரும் ஹோட்டலில் இருப்பவருக்குக் கைச்செலவுக்குக் கிடைப்பது கிழமைக்கு 10 பவுண்டுக்கும் குறைவு. அதில் வெளியே என்ன வாங்கிச் சாப்பிடுவது?

உடைக்காத இன்சுலின் பெட்டியை அவர் யன்னல் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையில் வைத்திருந்தார். கீழே ஹீட்டர். அறையில் குளிர்சாதனப்பெட்டி இல்லை, கேட்டால் பிரச்சினைக்காரன் என்று கேஸில் எழுதிவிடுவார்கள் என்ற பயம். புது இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டியது. பாவனையில் இருக்கும் பேனாவைத்தான், வகையைப் பொறுத்து, ஒரு மாதமளவு வெளியே வைக்கலாம். ஜீ.பி.யோடு பேசி அளவைக் குறைத்து, புதுப் பெட்டி எடுத்து, மருத்துவத் தேவை என்று தங்குமிட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினோம். சின்னக் குளிர்சாதனப்பெட்டி வந்தது. இரவுக்குப் படுக்குமுன் சாப்பிட ஏதாவது தரவும் ஒத்துக்கொண்டார்கள். இப்படிக் கேட்பதால் யாருடைய கேஸும் கெட்டு நான் பார்த்ததில்லை.

பழைய ஞாபகங்களால் நித்திரை இல்லாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலையிடி என்பார்கள், நாரி நோ என்பார்கள், பசி இல்லை என்பார்கள். பரசிட்டமோல் கொடுத்து அனுப்பினால் அடுத்த கிழமை அதே தலையிடியோடு வருவார்கள். நான் முதல் சந்திப்பில் நடந்ததைத் தோண்டுவதில்லை. ஹோம் ஒபிஸ் நேர்முகத்தில் ஒருமுறை, லோயரிடம் ஒருமுறை என்று ஏற்கனவே கிளறப்பட்ட ஆள். கதவைத் திறந்து வைப்பதா சாத்துவதா, எந்தக் கதிரையில் இருக்க விருப்பம் என்று கேட்பேன். இரத்தம் எடுக்கக் கையில் பட்டி கட்டுமுன், கட்டப்போகிறேன் என்று சொல்வேன். கட்டிவைக்கப்பட்ட ஒருவருக்கு அந்த இறுக்கம் எதை ஞாபகப்படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஒன்றை அவர்களிடம் விளக்கிச் சொல்வேன். உடம்பில் தழும்பு இருந்தால், நடந்ததைச் சொல்ல மனம் வந்தால், ஜீ.பி.யிடம் சொல்லுங்கள், பதிவாகட்டும். சிகிச்சைக்காகத்தான் முதலில். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்காகவே இயங்கும் ஃபிரீடம் ஃப்ரொம் டோர்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளுக்கு அனுப்பவும் அது உதவும். மருத்துவ அறிக்கைக்கு நீதிமன்றத்தில் என்ன எடை என்பதற்கு நம்மவர் வழக்கே இருக்கிறது. சூடான இரும்புக் கம்பியால் சுடப்பட்ட தழும்புகள் உள்ள ஓர் இலங்கைத் தமிழர், அவை சித்திரவதையில் வந்தவை என்றார். வேறு யாரையோ கொண்டு அவரே தனக்குச் சூடு வைப்பித்திருக்கலாம் என்று கீழ் நீதிமன்றங்களில் சந்தேகித்தார்கள். தழும்பு எப்படி வந்திருக்கும் என்பது பற்றி மருத்துவர் கருத்துச் சொன்னது வரம்பு மீறல் என்றும் சொல்லப்பட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நடந்ததாகச் சொல்வதோடு தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்று மருத்துவர் சொல்லலாம் என்று தீர்ப்பளித்து, வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது.

பதிவேடு இப்படி உதவும் என்றால், பிழையான பதிவு கெடுக்கவும் செய்யும். வருடமோ இடமோ மாறி எழுதப்பட்டிருந்தால் பிறகு "அங்கே ஒன்று சொன்னார், இங்கே ஒன்று சொல்கிறார்" என்று வரும். அதனால்தான் மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் நான் விடாப்பிடி. என்.எச்.எஸ்.ஸில் அது இலவசம், கேட்பது உங்கள் உரிமை. பள்ளிக்கூடம் போகும் மகளை வைத்துத் தாயின் மாதவிடாயையும் தகப்பனின் சிறைவாசத்தையும் மொழிபெயர்க்க வைப்பது நடக்கவே கூடாத ஒன்று. ஒரே ஊர்க்காரர் மொழிபெயர்க்க வந்தால் கதை வெளியே போகுமோ என்று தோன்றினால், நேரில் வேண்டாம், தொலைபேசியில் வேண்டும் என்று கேளுங்கள். பெண்தான் வேண்டும் என்றும் இலங்கைத் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் சிலர் என்னையே எல்லா இடத்துக்கும் கூப்பிடுகிறார்கள். ஆசைதான், ஆனால் நான் அங்கே தாதி, மொழிபெயர்ப்பாளர் வேறு ஆள். எனக்குக் குர்திஷ் குடும்பமும் எரித்திரியப் பிள்ளையும் காத்திருக்கிறார்கள்.

கர்ப்பிணிகளுக்கு: மிட்வைஃபிடம் நேரடியாகவே பதியலாம், ஜீ.பி. கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஊரில் மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பழகியதால் நம் பெண்கள் இதில் அவ்வளவு தயங்குவதில்லை, அது எனக்குப் பெரிய ஆறுதல். ஹோம் ஒபிஸ் உதவியில் இருப்பவருக்கு 300 பவுண்ட் மகப்பேற்றுக் கொடுப்பனவு உண்டு. அதற்கு விண்ணப்பிக்கக் கால எல்லை உண்டு, பலர் தவறவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் போடாததாகவே எடுத்துக்கொண்டு இங்கே திரும்பப் போடுவார்கள், இரண்டாம் தரம் போடுவதால் பாதிப்பில்லை. அட்டையின் படம் ஊரில் யாரிடமாவது இருந்தால் வட்ஸ்அப்பில் எடுப்பியுங்கள். மருந்து, பல், கண்ணாடி எல்லாம் இலவசமாக எச்.சி.2 சான்றிதழ் வேண்டும். அதற்குக் காலாவதித் தேதி உண்டு, பின்பக்கம் வரை பாருங்கள்.

வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள், இரவு பகல் எந்நேரமும் மனநலக் குழு பேசும். "தமிழ் இன்டர்பிரட்டர்" என்ற இரண்டு சொல் போதும், ஆளை இணைப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 999. இதுவும் ஹோம் ஒபிஸுக்குப் போகாது.

கடைசியாக, இடமாற்றம். இன்று லண்டன் பக்கம் குரோய்டன், நாளை வடக்கே மிடில்ஸ்பரோ என்று சின்ன அவகாசத்தில் ஏற்றிவிடுவார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் பிடித்த இடம் அதோடு போகலாம். பிரசவத்தை ஒட்டிய கிழமைகளில் தாயை அலைக்கழிக்காமல் இருக்கவும், தொடர் சிகிச்சையில் இருப்பவரின் நிலைமையைக் கணக்கில் எடுக்கவும் ஹோம் ஒபிஸின் சொந்த வழிகாட்டலிலேயே இடமிருக்கிறது. ஆனால் மிட்வைஃபோ வைத்தியரோ எழுதிக் கொடுத்தால்தான் அது அசையும், எனவே நோட்டீஸ் கிடைத்த அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள். போவது உறுதியென்றால் மருந்துப் பட்டியலையும் பதிவுச் சுருக்கத்தையும் ஜீ.பி.யிடம் அச்சில் வாங்கி, ஒரு மாத மருந்தையும் எடுத்து, பிள்ளையின் சிவப்புப் புத்தகத்தோடு (அதுதான் பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு) கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் வேண்டாம், அது வேறு வாகனத்தில் வரும். போன இடத்தில் முதல் கிழமைக்குள் புது ஜீ.பி.யில் பதிந்துவிடுங்கள், கரண்ட் பில் கேட்டால் மஞ்சள் அட்டையைக் காட்டுங்கள்.