பகு எண்ணைக் 'கலப்பு எண்' ஆக்காதீர்கள்

ஒரு பெரிய எண்ணின் பண்புகளை விளக்கும் மொழிபெயர்ப்பு அது. 429,49,67,297 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, 'இது ஒற்றைப்படை எண், கலப்பு எண்' என்று போகிறது. இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிட்டேன். இதே தவறு கண்ணில் படுவது எத்தனையாவது முறையோ!

சொல்ல வந்தது பகு எண். ஒன்றும் தானும் தவிர வேறோர் எண்ணாலும் மீதியின்றி வகுபடுவது. 6, 15 போல. பகா எண் மாதிரித் தெரிகிற 91-உம் (7 × 13) அப்படித்தான். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'காம்போசிட்', 'சேர்த்து வைத்தது' என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

சரி, சேர்த்து வைத்தால் கலப்பு ஆகிவிடுமா? முதலில், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. முழு எண்ணும் பின்னமும் சேர்ந்தால் கலப்புப் பின்னம். மெய்யும் கற்பனையும் சேர்ந்தால் கலப்பெண். மேல்நிலைக் கணக்குப் படித்த மாணவர் அந்த வரியைப் படித்தால் கற்பனைப் பகுதி எங்கே என்றுதான் தேடுவார். அப்புறம், கலந்தது என்றால் பாலும் நீரும் போல, எது எதென்று தெரியாமல் போவது. இந்த எண்ணில் எதுவும் கலக்கவில்லை. இரண்டின் 32-ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டினால் வரும் இதைப் பகா எண் என்றே கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் இதை 641-ஆல் வகுத்துக் காட்டினார். மற்றொரு காரணி 67,00,417. இரண்டும் பகா எண்கள். வேறு எந்தப் பகா எண்களைப் பெருக்கினாலும் இந்த எண் வராது. இவ்வளவு தெளிவாகப் பிரித்தெடுக்க முடிவதைக் கலப்பு என்பது எந்த ஊர் நியாயம்?

நம்மிடம் சொல் இல்லாமலும் இல்லை. நன்னூலில் பகுபதம், பகாப்பதம் உண்டே. 'செய்தான்' என்பதைச் செய் + த் + ஆன் என்று பகுக்கலாம். 'நீர்' என்பதைப் பகுத்தால் பொருள் நிற்காது. பள்ளிப் பாடநூல் அதே வேரை எண்ணுக்கும் வைத்திருக்கிறது. பெயரைக் கேட்டதுமே வரையறை பாதி விளங்கிவிடுகிறது.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். 1-ஐயும் பகுக்க முடியாது, ஆனால் அது பகா எண் இல்லை. பகு எண்ணும் இல்லை. பெயர் இதைச் சொல்லாது, ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். கலப்பு என்று மாற்றினால் மட்டும் இது தீர்ந்துவிடுமா என்ன?

அதே கட்டுரை இந்த எண்ணைச் 'சதுர இலவச எண்' என்றும் சொல்கிறது. எந்தக் காரணியும் இரண்டு முறை வரவில்லை என்பதுதான் அங்கே செய்தி. ஆங்கிலத்தின் 'ஸ்கொயர்-ஃப்ரீ'யில் 'ஃப்ரீ' என்றால் 'அற்ற'; அகராதியின் முதல் பொருளை அப்படியே ஒட்டினால் இப்படித்தான் ஆகும். எழுதிய பிறகு ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால்கூடப் பிடிபட்டிருக்கும். அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: '429,49,67,297 ஒற்றைப்படையான பகு எண். 641, 67,00,417 ஆகியவை அதன் பகாக் காரணிகள். ஒவ்வொன்றும் ஒரே முறை வருவதால் இது வர்க்கக் காரணியற்ற எண்.'