பவர் பட்டனை மீண்டும் அழுத்துவதற்கு முன்

என் பணிமேசைக்கு வரும் மடிக்கணினிகளைப் பற்றி உரிமையாளர்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது." அதை அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொள்வதில்லை என்பதைப் பல ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்குள் முற்றிலும் வேறான இரண்டு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. மின்சாரமே உள்ளே போகாத நிலை ஒன்று; மின்சாரம் போய், கருவி இயங்கத் தொடங்கிய பிறகும் திரையில் படம் வராத நிலை மற்றொன்று. பழுதுநீக்குவோர் முன்னதை 'நோ பவர்' என்றும் பின்னதை 'நோ டிஸ்ப்ளே' என்றும் பிரித்துச் சொல்வோம். இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு, ஆகும் செலவும் வேறு.

எது என்று கண்டறிய எந்தக் கருவியும் தேவையில்லை. சத்தமில்லாத அறையில் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, ஃபேன் சுழலும் ஒலி கேட்கிறதா, ஏதேனும் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். பிறகு கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு மாறிமாறி எரிந்து அணைந்தால் உள்ளே கணினி விழித்துக்கொண்டிருக்கிறது, குறை திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கலாம் என்று பொருள். இருட்டில் டார்ச் ஒளியைத் திரையின்மீது சாய்த்துப் பிடிக்கும்போது மங்கலாகப் படம் தெரிந்தால், பின்னொளி மட்டுமே போயிருக்கிறது. வெளித்திரை ஒன்றை எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்து, அதில் படம் வந்தால் சந்தேகம் முழுவதும் தீர்ந்துவிடும். விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் விட்டுவிட்டுச் சிமிட்டினாலோ பீப் ஒலி வந்தாலோ அதை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள். கருவி தன் நோயைத் தானே சொல்லும் மொழி அது. தயாரிப்பாளரின் கையேட்டில் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் இருக்கும்.

எந்த அசைவும் இல்லை என்றால், நான் முதலில் சோதிப்பது சார்ஜரைத்தான். வட்டமுனை அடாப்டர்கள் பெரும்பாலும் 19 முதல் 20 வோல்ட் வரை தருபவை. மீட்டரில் வோல்ட் சரியாகக் காட்டும் அடாப்டர்கூட, கருவியில் செருகியதும் சுமை தாங்காமல் விழுந்துவிடுவது உண்டு. ஆகவே அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் வாட் அளவுள்ள, நன்றாக இயங்குகிறதென்று தெரிந்த இன்னொரு அடாப்டரை மாற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. முனை பொருந்துகிறது என்பதற்காக வோல்ட் தெரியாத அடாப்டரைச் செருகுவது, கருவியின் முதன்மைச் சுற்றுப் பலகையான மதர்போர்டையே எரித்துவிடக்கூடும். சில அடாப்டர்களின் முனை நடுவே ஊசி போன்ற கம்பி ஒன்று இருக்கும். 'நான் இத்தனை வாட்' என்று கருவிக்குச் சொல்வது அந்தக் கம்பிதான். அது வளைந்துவிட்டால், அடாப்டர் நல்ல நிலையில் இருந்தாலும் பேட்டரி ஏறாது.

டைப்-சி சார்ஜர்களில் குழப்பம் இன்னும் கூடுதல். அவை 5 வோல்டில் தொடங்கி, கருவியோடு பேசி உடன்பட்ட பிறகே உயர்கின்றன. பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு 20 வோல்ட் வேண்டும், எளிய கைப்பேசி சார்ஜர் 5 அல்லது 9 வோல்டோடு நின்றுவிடும். பயணத்தில் இருந்த ஒருவர் இரவு முழுவதும் கைப்பேசி சார்ஜரைச் செருகி வைத்துவிட்டு, காலையில் கருவி அசையவில்லை என்று கலங்கிப்போய் என்னிடம் வந்தார். உரிய 65 வாட் அடாப்டரைச் செருகியபோதும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. மின்கலங்களின் அழுத்தம் மிகவும் கீழே இறங்கிவிட்டால், ஒரு கலத்துக்கு ஏறத்தாழ 3 வோல்டுக்கும் கீழே, சார்ஜிங் சுற்று தொடக்கத்தில் மிகச் சிறிய மின்னோட்டத்தையே அனுமதிக்கும். அரைமணி நேரம் தொடாமல் விட்டு வைத்தோம். கருவி இயல்பாக எழுந்தது. அதற்கிடையே ஒவ்வொரு நிமிடமும் பட்டனை அழுத்தியிருந்தால், ஏறிய சிறு மின்சாரத்தையும் வீணாக்கியிருப்போம்.

சார்ஜர் சரி என்றான பிறகு செய்ய வேண்டியது, உள்ளே தங்கிய மின்சாரத்தை வடிப்பது. பவர் பட்டனை அழுத்தும்போது அந்தச் செய்தியை முதலில் பெறுவது பிராசஸர் அன்று; பேட்டரி, விசைப்பலகை, விளக்குகள் ஆகியவற்றை மேற்பார்க்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு. கணினி அணைந்திருக்கும்போதும் அது விழித்தே இருக்கும். மின்னழுத்தம் திடீரென்று ஏறி இறங்கும்போது அது தடுமாறி ஒரே நிலையில் உறைந்துவிடுவது உண்டு. அதற்கு வரும் மின்சாரம் முழுவதும் நின்றால்தான் அது புதிதாகத் தொடங்கும். அடாப்டரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட கருவிகளில் சிலவற்றுக்கு அடிப்பக்கத்தில் ஊசித் துளை ரீசெட் இருக்கும். இந்த ஒரு செயலால் உயிர்பெற்ற கருவிகளைக் கண்டிருக்கிறேன் என்பதால், கட்டணம் கேட்பதற்கு முன் இதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறேன்.

'நோ டிஸ்ப்ளே' கருவியில் அடுத்த சந்தேகம் ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம். கழற்றக்கூடிய ரேம் உள்ள கருவியைத் திறக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், முதலில் பேட்டரி இணைப்பை உருவிவிடுங்கள். அணைந்திருக்கும் போர்டிலும் மின்சாரம் இருக்கும், அந்நிலையில் ரேமைச் செருகுவது ஆபத்து. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். புதிதாக டிடிஆர்5 ரேம் போட்டவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: முதல்முறை இயங்கும்போது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட ஆகலாம், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அதைப் பழுதென்று எண்ணி நடுவில் அணைக்கக் கூடாது.

இரண்டு நிலைகளில் மட்டும் மேற்சொன்ன எதையும் முயலக் கூடாது. கருவியின் அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், குத்தாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது எளிதன்று. மற்றொன்று, தண்ணீர் சிந்திய கருவி. இதில் பெரும் சேதத்தைச் செய்வது பெரும்பாலும் 'இயங்குகிறதா பார்ப்போம்' என்று அழுத்தப்படும் அந்தப் பட்டன்தான். ஈரத்தினூடே மின்சாரம் ஓடும்போது போர்டிலுள்ள செம்புப் பாதைகள் அரிக்கப்படுகின்றன. அடாப்டரைப் பிடுங்கி, பட்டனை நீண்ட நேரம் அழுத்தி அணைத்து, கருவியைத் திறந்த நிலையில் கூடாரம்போலக் கவிழ்த்து வைத்து, அப்படியே பழுதுநீக்குபவரிடம் கொண்டு செல்லுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை. ஈரம் தானாகக் காய்ந்தாலும், நீர் விட்டுச்செல்லும் உப்புப் படிவம் போர்டிலேயே தங்கி, வாரங்கள் கழித்தும் அரிப்பைத் தொடரும். போர்டைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவினால்தான் அது போகும்.

இனி நான் மிகவும் கவலையோடு சொல்ல விரும்புவது. ஓர் ஆய்வு மாணவரின் கருவிக்கு, அவரைக் கேட்காமலே வேறொருவர் மதர்போர்டை மாற்றியிருந்தார். கருவி நன்றாக இயங்கியது. ஆனால் திரையில், விண்டோஸின் தரவுப் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்பட்டது. விண்டோஸ் கணினிகள் பலவற்றில், கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி. தானாகவே பூட்டப்பட்டிருக்கும், அன்றாடம் பூட்டைத் திறக்கும் சாவி பழைய போர்டின் பாதுகாப்புச் சில்லோடு பிணைக்கப்பட்டிருக்கும். போர்டு போனால் அந்தச் சாவியும் போய்விடும். பழைய போர்டு திரும்பக் கிடைக்கவில்லை, மாணவரிடம் மீட்பு எண்ணும் இல்லை. எஸ்.எஸ்.டி.யில் ஒரு கீறல்கூட இல்லாதிருந்தும், மூன்று ஆண்டு உழைப்பை அதிலிருந்து என்னால் எடுத்துத் தர முடியவில்லை.

எனவே கருவியைக் கையளிக்கும்போது, 'போர்டையோ எஸ்.எஸ்.டி.யையோ மாற்றுவதற்கு முன் என்னைக் கேட்க வேண்டும், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எஸ்.எஸ்.டி. தனியே கழற்றக்கூடியதா, போர்டோடு பற்றவைக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். தனியே வருமானால் அதை மட்டும் வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுக்கலாம், ஆனால் பூட்டப்பட்ட எஸ்.எஸ்.டி.க்கு அங்கும் அந்த 48 இலக்கங்கள் வேண்டும். பலருக்கு அவை அவர்களது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கருவி நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் இன்றே கணக்கைத் திறந்து பார்த்து, எண்ணை ஒரு தாளில் எழுதி, கணினிப் பையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.