பித்தளையின் கழுத்து பிளப்பது ஏன்?

பினாங்கில் உலோகப் பழுதாய்வுப் பணியில் இருக்கும் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் இணைப்புகளையும் எரிவாயு வால்வுகளையும் பற்றியவை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குடியேறி, உரிமம் பெற்று இலக்குச் சுடும் நம்மவர் சிலரோ, மறுபடி நிரப்பிய ரைஃபிள் தோட்டாக்களின் பித்தளைக் கூடு, குண்டைப் பிடித்திருக்கும் குறுகிய முன்பகுதியான கழுத்தில் பிளந்திருப்பதைப் படமெடுத்து அனுப்பிக் காரணம் கேட்கிறார்கள். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே குற்றம் என்பதால், இங்குள்ளவர்கள் செய்துபார்ப்பதற்காக இதை எழுதவில்லை. பிளவுக்குக் காரணமான பித்தளையின் இயல்பு நம் வீட்டிலுள்ள பொருள்களுக்கும் பொருந்துவதால் எழுதுகிறேன்.

தோட்டாக் கூட்டின் பித்தளையில் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் உண்டு. சுடும்போது கழுத்து வாயு அழுத்தத்தால் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரைத் தொடுகிறது. மறுபடி நிரப்புவோர் அதை அச்சுக்குள் செலுத்திச் சுருக்குகிறார்கள். குண்டைப் பொருத்தும்போது அது மீண்டும் சற்று விரிகிறது. இப்படி விரிந்தும் சுருங்கியும் வரும் உலோகம் ஒவ்வொரு சுற்றிலும் மேலும் இறுகுகிறது, அதாவது கடினமாகி நெகிழும் தன்மையை இழக்கிறது. இறுகிய கழுத்து அச்சை விட்டு வெளிவந்ததும் சிறிது பின்வாங்கி விரிவதால், குண்டைப் பிடிக்கும் விசை கூட்டுக்குக் கூடு மாறுபடுகிறது. சுடுபவர் முதலில் உணர்வது இதைத்தான்: சில குண்டுகள் தளர்வாக இறங்கும், சில முரண்டு பிடிக்கும், வேகமும் ஒரே சீராக இராது. வாயிலிருந்து தோளை, அதாவது கழுத்து அகன்று உடலோடு சேரும் சரிவை, நோக்கி நீளவாக்கில் ஓடும் பிளவு அதற்கு அடுத்த கட்டம்.

ஆகவே, படம் அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தக் கூடு எத்தனை முறை சுடப்பட்டது என்பதே. பலமுறை சுட்ட கூடு பிளந்தால் அது இறுகிப்போனதன் விளைவு என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஒரே முறை சுட்ட கூடோ, சுடாமல் பெட்டியில் கிடந்த தோட்டாவோ பிளந்திருந்தால், அது எங்கே, எதனருகே வைக்கப்பட்டிருந்தது என்பதை விசாரிக்க வேண்டும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே வட்டமாக ஓடும் பளபளப்பான கோடு முற்றிலும் வேறு கோளாறு. அது கூடு இரண்டாக அறுபடப் போவதன் அறிகுறி என்பதால் கழுத்துப் பிளவைவிட ஆபத்தானது.

சுடாத தோட்டா பிளப்பதற்குப் பழைய வரலாறு உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் சேமித்து வைத்த தோட்டாக்கள் தாமாகவே விரிசல் கண்டன. குதிரை லாயங்களின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் ஈரப்பதமும், கூட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்தின் உள்ளே தங்கிவிட்ட தகைவும் (உள் இழுவிசையும்) சேர்ந்தே இதைச் செய்தன என்பதை 1921இல் வெளிவந்த ஆய்வு விளக்கியது. இவற்றுள் ஏதேனும் ஒன்று இல்லையென்றாலும் விரிசல் ஏற்படுவதில்லை. துத்தநாகம் 15 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பித்தளைகளே இதற்கு எளிதில் இரையாகின்றன.

ஈரப்பதத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. அமோனியாவோ, நம் முந்தைய தலைமுறை பால்மரக் காடுகளில் நன்கு அறிந்த வாசனை. இரப்பர் பால் உறையாமல் காக்க அதைத்தான் கலந்தார்கள். அமோனியா தாக்குவதாலும் செம்பு இரப்பரைக் கெடுப்பதாலும், அந்தப் பாலைக் கையாளும் இடங்களில் பித்தளை வால்வுகளைத் தவிர்ப்பார்கள். இன்று அதே வாயு சில தரை துடைக்கும் திரவங்களிலிருந்தும் பித்தளை மெருகுத் திரவங்களிலிருந்தும் வருகிறது. தோட்டாக் கூட்டைப் பளபளப்பாக்க அத்தகைய மெருகைப் பூசுவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

இறுகிய கழுத்துக்கு மருந்து சூடு. கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடிகள் சூடாக்கினால் உலோகம் மீண்டும் இளகும். அடிப்பகுதி கடினமாகவே இருக்க வேண்டும், ஏனெனில் சுடும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குவது அதுவே. கூடுகளை மொத்தமாக அடுப்பில் வைத்து இளக்குவது இதனால்தான் அபாயம். அடி மென்மையான கூட்டிலிருந்து வாயு பின்புறமாகச் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடக்கூடும். பித்தளையைத் தண்ணீரில் முக்கினால் எஃகைப் போல் கடினமாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. தண்ணீர் சூடு பரவுவதை நிறுத்துகிறது, அவ்வளவே. நிறத்தைப் பார்த்துச் சூட்டை மதிப்பிடுவதும் நம்பத்தக்கதன்று. பகல் வெளிச்சத்தில் கழுத்து சிவந்து தெரிந்தால் தேவையைத் தாண்டிவிட்டது என்று பொருள். குறித்த வெப்பத்தில் உருகும் அடையாளப் பூச்சைப் பயன்படுத்துவதே முறை. அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி (பிரைமர்) இருக்கும் கூட்டையோ நிரப்பிய தோட்டாவையோ தீயருகே கொண்டுசெல்லவே கூடாது. பிளந்த கழுத்தை எந்தச் சூடும் ஒட்டவைக்காது. அந்தக் கூட்டின் வாயை நசுக்கி, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி அகற்ற வேண்டும்.

இதே பிளவை நம் வீட்டு ஏர்கோனின் செம்புக் குழாயை இணைக்கும் பித்தளை நட்டிலும் காணலாம். வாயு கசிகிறது என்று நிரப்புவோரை மீண்டும் மீண்டும் அழைப்பதற்கு முன், அந்த நட்டின் பக்கவாட்டில் நீளவாக்கில் மெல்லிய கோடு தெரிகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி முறுக்கிய நட்டு, அருகே அமோனியா கலந்த திரவத்தால் துடைத்த சுவர், எப்போதும் சொட்டும் ஈரம் ஆகிய மூன்றும் அங்கே கூடியிருந்தால், நட்டை மாற்றுவதோடு துடைக்கும் திரவத்தையும் மாற்றியாக வேண்டும்.