எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: டாக்டரோடு வேறு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்கள் டாக்டரைப் பற்றி நன்றாகவே விசாரித்துவிட்டு வருகிறார்கள். அனுபவம் எத்தனை வருடம், செலவு எவ்வளவு, எப்போது வீடு திரும்பலாம் என்றெல்லாம் கேட்கிறார்கள். குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் அபூர்வம். வடசென்னையில் உணவியல் நிபுணராக இருக்கும் எனக்கு இதுதான் கவலை.

இந்தச் சிகிச்சையில் ஒரு வகையான ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை அகற்றப்படுகிறது. மிஞ்சுவது ஏறக்குறைய 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய். அறுவை சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தச் சின்ன வயிற்றோடு வாழப் பழகுவதற்குத்தான் மற்ற எல்லோரும் தேவைப்படுகிறோம்.

மயக்க மருத்துவர் உங்கள் குறட்டையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவருக்கு மயக்க மருந்தில் ஆபத்து கூடுதல் என்பதால்தான். மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபிக்கிறார்கள். மனம் கனத்தால் சாப்பாட்டைத் தேடும் பழக்கத்தைக் கத்தியால் வெட்டி எடுக்க முடியாது. குடிப்பழக்கத்தையும் மறைக்காமல் அங்கே சொல்லுங்கள்; இந்தச் சிகிச்சைக்குப் பிறகு, முக்கியமாக இரைப்பை பைபாஸ் (உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தவிர்த்துக் குடலுக்குப் போகும்படி மாற்றும் முறை) செய்துகொண்டவருக்கு, மது வெகு வேகமாக ரத்தத்தில் ஏறும். என்னைக் கேட்டால், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு இணையான பரிசோதனை அந்த ஆலோசகரின் அறையில் நடக்கிறது.

சிகிச்சை முடிந்ததும் பிசியோதெரபிஸ்ட் விரட்டி விரட்டி நடக்க வைப்பார். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையக் கூடாது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். 120-ஐத் தாண்டிவிட்டால், "எனக்கு வலியே இல்லை" என்று நீங்கள் சொன்னாலும் அவர் டாக்டரை எழுப்பிவிடுவார். வெட்டி இணைத்த இடத்தில் கசிவு இருந்தால் பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பது நாடிதான்.

பிறகு என் முறை. முதலில் திரவ உணவு, அடுத்து மசித்தது, பிறகு மென்மையான உணவு. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். புரதம் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். காசிமேட்டு மீன் கிடைக்கும் ஊரில் இருக்கிறோம். மசித்த உணவுக் கட்டம் வந்ததும், வேகவைத்து முள் நீக்கி மசித்த சங்கரா மீனைத்தான், விலை உயர்ந்த புரதப் பவுடர் டப்பாவோடு கூடவே, முதலில் சொல்வேன். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல், அரைமணி நேரம் கழித்து வாய் வாயாகக் குடிக்க வேண்டும். சென்னை வெயிலில் இதில் அசட்டையாக இருப்பவர்கள் உடலில் நீர் வற்றி மறுபடி படுக்கைக்கு வருகிறார்கள்.

வீட்டில் சமைப்பவரையும் கூட்டிவரச் சொல்கிறேன். "இரண்டு ஸ்பூன் சாப்பிட்டால் பிள்ளை எப்படிம்மா பிழைப்பான்?" என்று கேட்கும் தாய்க்குப் பதில் சொல்லாமல் எந்த உணவு அட்டவணையும் வேலை செய்யாது.

மூன்றாம், நான்காம் மாதத்தில் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். எடை மளமளவென்று இறங்குகிறது, ஊரே பாராட்டுகிறது, மாத்திரை மறந்துபோகிறது. வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை. முடி கொட்டுவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். பயந்து யாரோ சொன்ன எண்ணெயைத் தேடுவதைவிட எங்களிடம் வாருங்கள். சர்க்கரை நோய் மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடலாம். பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடலாம். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது நிற்காத வாந்தி. சில வாரங்களிலேயே தயாமின் எனும் பி1 வைட்டமின் தீர்ந்துபோய், நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், புத்தி குழம்பும். அந்த நிலையில் பக்கத்துத் தெரு கிளினிக்கில் தயாமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு மோசமாகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். வாந்திக்குப் போனாலும் மூட்டுவலிக்குப் போனாலும், ஊசிக்குக் கை நீட்டுவதற்கு முன் அதைக் காட்டுங்கள்.