'டிட்' வந்தால் 'வென்ட்' எங்கே போகிறது?

மேலூரிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் ஆங்கிலத் தேர்வில் 'ஹி டிட் நாட் வென்ட்' என்று எழுதிவிட்டாள். 'வென்ட்' மேல் சிவப்பு மையில் ஒரு சுழி, மதிப்பெண் போயிற்று. "நேத்து நடந்ததைத்தானே எழுதினேன்? 'கோ'ன்னு எழுதினா இன்னைக்குப் போற மாதிரி ஆயிடாதாம்மா?" என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். பள்ளியில் கேட்டதற்கு, "அது ரூல், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று பதில் வந்ததாம். தாய்க்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை.

முதலில் அந்தப் பெண்ணுக்கு ஒரு சேதி: ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசி வளரும் சின்னக் குழந்தைகளும் இதே தப்பைச் செய்கிறார்கள். காலத்தை ஒரே வாக்கியத்தில் இரண்டு இடத்தில் காட்டிவிடுகிறார்கள். மூளை மந்தம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வாக்கியத்தில் காலம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அந்த மூளை தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதை நாமும் தேடுவோம். 'ஹி கம்ஸ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் 'ஸ்' நிகழ்காலத்தையும், ஆள் ஒருவர் என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. இப்போது இதை மறுத்துச் சொல்லுங்கள்: 'ஹி டஸ் நாட் கம்'. 'கம்' மேல் இருந்த 'ஸ்' எங்கே? 'டூ' மேல் ஏறி 'டஸ்' ஆகிவிட்டது. காகிதத்தில் எழுதி அந்த ஒரு எழுத்தை மட்டும் வட்டமிட்டுப் பார்த்தால் அது இடம் மாறியது கண்ணுக்கே தெரியும். 'வென்ட்' கதையும் இதுதான். 'வென்ட்' என்பது 'கோ'வும் இறந்தகாலமும் ஒன்றாக ஒட்டி நிற்கும் சொல். 'நாட்' குறுக்கே வந்ததும் இறந்தகாலம் பிரிந்துபோய் 'டூ'வோடு ஒட்டி 'டிட்' ஆகிறது. மிச்சம் இருப்பது வெறும் 'கோ'.

காலம் காட்டும் விகுதியைத் தனி உறுப்பாகவே வைத்து, அது வினையின்மேல் தாவி ஒட்டிக்கொள்கிறது என்று 1957-ல் அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி விளக்கினார். தாவும் வழியில் 'நாட்' நின்றால் தாவ முடியாது. விகுதி தனியாக நிற்கவும் முடியாது, அதற்கு ஒரு தோள் வேண்டும். அந்தத் தோளைக் கொடுக்க வருகிற சொல்தான் 'டூ'. இந்த இடத்தில் அதற்குச் 'செய்' என்ற பொருளே கிடையாது. சுமக்க மட்டும் வருகிறது. 'இஸ்', 'கேன்', 'வில்' போன்ற துணைவினைகள் ஏற்கெனவே வாக்கியத்தில் இருந்தால் அவையே சுமந்துகொள்ளும், 'டூ' வராது. கேள்விக்கும் இதே கணக்குதான்: காலத்தைச் சுமக்கும் சொல் வாக்கியத்தின் முன்னால் போக வேண்டும், 'கோ' போகாது, 'டிட்' போகும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில், 'எனக்குத் தெரியாது' என்பதற்கு 'ஐ நோ நாட்' என்றுதான் சொன்னார்கள். 1611-ல் வந்த ஆங்கில பைபிளிலும் 'தே நோ நாட்' என்றே இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஆல்வார் எல்லகோர்ட், பல நூற்றாண்டு எழுத்துகளை வரிவரியாகப் படித்து இந்த 'டூ' எப்படிப் பரவியது என்று எண்ணி, 1953-ல் வெளியிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் இன்றைய வழக்கம் கிட்டத்தட்ட நிலைபெற்றுவிட்டது. 'நோ' போன்ற சில வினைகள் மட்டும் கடைசிவரை அடம்பிடித்தன.

சரி, இதுவரை சொன்னது எந்த மொழியியல் பாடத்திலும் கிடைக்கும். எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு விடிகாலை, உறவில் ஒரு கல்யாணத்துக்குப் பூ வாங்க மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போயிருந்தேன். ஈரச் சாக்கில் மல்லிகை குவிந்து கிடக்கிறது. தராசுத் தட்டில் விழுந்த மொட்டுகளை வியாபாரி விரலால் தள்ளித் தள்ளி எடை பார்க்கிறார். விலையைக் கேட்டு நான் முகம் சுளித்ததும், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "முகூர்த்த நாள்னா வெல ஏறத்தான் செய்யும்ணே."

ஏறத்தான் செய்யும். ஆயிரம் தடவை கேட்ட பேச்சு, நானே சொன்ன பேச்சு. அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. விலை என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை, ஏறுகிறது. அப்புறம் 'செய்யும்' எதற்கு?

பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பகுதி, இடைநிலை, விகுதி எல்லாம் ஒரே சொல்லாக இறுகிப்போனதுதான் நம் வினைமுற்று. 'ஏறும்' என்பதில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே ஊசி நுழையாது. ஆனால் வியாபாரிக்கு 'ஏறு' என்ற செயலின்மேலேயே அழுத்தம் விழ வேண்டும், அங்கே ஒரு 'தான்' வேண்டும். சொல்லைப் பிளந்து 'தான்' உள்ளே போகிறது. 'ஏற' ஒரு பக்கம் நிற்கிறது. மறுபக்கம் 'உம்' அந்தரத்தில் தொங்குகிறது. 'தான்' இடைச்சொல், அதனால் விகுதியைச் சுமக்க முடியாது. உடனே 'செய்' வந்து தோள் கொடுக்கிறது: ஏற-த்தான் செய்-யும்.

ஆங்கிலத்தில் 'நாட்' குறுக்கே வந்ததும் 'டூ' செய்த அதே வேலை. அதுவும் அதே பொருள் கொண்ட வினை! 'அவன் வரத்தான் செய்தான்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? 'ஹி டிட் கம்', 'டிட்'டை அழுத்தி. நாம் 'தான்' போட்டுச் செய்வதை அவர்கள் குரலை ஏற்றிச் செய்கிறார்கள். 'இதுவும் அதுவும்' என்று சேர்த்துச் சொல்கிற 'உம்' குறுக்கே வந்தாலும் இதே கதைதான்: "எங்கம்மா திட்டவும் செய்வாங்க, பக்கத்துல உக்காந்து ஊட்டவும் செய்வாங்க." ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் ஒரே சிக்கலுக்கு ஒரே வினையைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கின்றன. பூவை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறியும் எனக்கு இதே நினைப்புதான்.

அப்படியானால் மறுத்துச் சொல்லும்போது மட்டும் நமக்குச் 'செய்' ஏன் வேண்டாம்? 'வரவில்லை' என்று முடித்துவிடுகிறோமே? 'நாட்' வெறும் ஒட்டுச்சொல். நம் 'இல்லை' அப்படியல்ல, அதுவே ஒரு வினை. இலக்கணத்தில் அதைக் குறிப்பு வினை என்போம். வாக்கியத்தை முடிக்கும் தெம்பு அதற்கே இருப்பதால் இன்னொரு தோள் தேவைப்படுவதில்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. 'இல்லை' காலத்தையும் பாலையும் ஏற்றுக்கொள்ளாது. நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. அவனும் வரவில்லை, அவர்களும் வரவில்லை. 'டிட் நாட்', 'டஸ் நாட்' என்று ஆங்கிலம் பிரித்துக் காட்டுவதை நாம் 'நேற்று', 'இன்று' போட்டுச் சரிக்கட்டிக்கொள்கிறோம்.

மேலூர்ப் பெண்ணின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நீ தமிழில் 'அவன் வந்தான் இல்லை' என்று சொல்வாயா, கண்ணு? மாட்டாய். 'வந்தான்' என்பதிலிருந்து காலத்தைக் கழற்றிவிட்டு, 'வர' என்று செயவென் எச்சமாக்கி, அப்புறம்தான் 'இல்லை' சேர்க்கிறாய். யாரும் சொல்லிக்கொடுக்காமல் மூன்று வயதில் கற்றுக்கொண்டாய். 'டிட் நாட்'டுக்குப் பின்னால் வரும் 'கோ' நம்முடைய 'போக' மாதிரி. 'போனான் இல்லை' எப்படி ஒட்டாதோ, அப்படித்தான் 'டிட் நாட் வென்ட்'டும் ஒட்டாது.

இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் நம் பள்ளிகளில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அடுத்தடுத்த வகுப்பறையில் இலக்கணம் நடத்தினாலும், ஒரு நாளும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதில்லை. பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றி 'முப்பதே நாளில் ஆங்கிலம்' என்ற சுவரொட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. ஆங்கிலம் பிழையில்லாமல் வந்தால் அறிவாளி, தடுமாறினால் மட்டம் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான், பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதைப் போல. மொழியியலுக்கு ஒதுக்கும் பணமும் போதாது என்பது என் கருத்து. பூச்சந்தையிலும் பேருந்திலும் மக்கள் பேசுவதைப் பதிவுசெய்து ஆராய ராக்கெட் விலை ஆகாது. ஒரு ஒலிப்பதிவுக் கருவியும், பொறுமையான நான்கு மாணவர்களும், அவர்களுக்குச் சோறு போடும் அளவு உதவித்தொகையும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

அப்படி ஆராய்ந்தால் 'பண்ணு'வும் வந்து நிற்கும். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க" என்கிறார் நடத்துநர். 'அட்ஜஸ்ட்' மேல் தமிழ் விகுதி ஒட்டாது, அதனால் 'பண்ணு' சுமக்கிறது. செய், பண்ணு, டூ, மூன்றும் ஒரே பொருள், மூன்றுக்கும் சுமை தூக்கும் வேலை.

கடிதத்தின் கடைசியில் அந்தப் பெண் தன் கையெழுத்தில் இன்னொரு கேள்வியும் சேர்த்திருந்தாள்: 'வாட் டிட் யூ டூ' என்பதில் 'டூ' ஏன் இரண்டு தடவை வருகிறது? முதலாவது காலத்தைச் சுமக்கிறது, இரண்டாவதுதான் உண்மையில் செய்தது. வீட்டுப்பாடம் செய்தாயா என்று அம்மா சந்தேகமாகக் கேட்டால் நீயும் இப்படித்தானே பதில் சொல்வாய்: "செய்யத்தாம்மா செஞ்சேன்!"